புது லைசென்ஸும் பழைய பிரீமியமும்

பிரிட்டனில் பைக் இன்சூரன்ஸுக்கு விலை கேட்கும்போது படிவத்தில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். உங்களிடம் என்ன வகை லைசென்ஸ் இருக்கிறது? அது எவ்வளவு காலமாக இருக்கிறது? முதல் கேள்விக்கு நல்ல பதில் சொல்வதற்காக நான் பல நூறு பவுண்டும் ஒரு முழுக் குளிர்காலமும் செலவழித்தேன். அந்தப் பதில் கைக்கு வந்த அன்றே இரண்டாவது கேள்விக்கான என் பதில் பூஜ்ஜியமாகிவிட்டது. ஒன்று குறைத்த பிரீமியத்தை மற்றொன்று ஏற்றிவிட்டது. இது நியாயமா என்ற கேள்வி அப்போது மனசுக்குள் வந்தது. எத்தனையோ பேரிடம் பேசிப் பார்த்தும் அது அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருச்சிக்காரி. நர்ஸிங் படித்த காலத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும் புத்தூருக்கும் இடையே, காவிரிப் பாலத்து நெரிசலில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டியவள். கியர் வண்டி லைசென்ஸே வாங்கிவிடலாம் என்று அப்பாவின் ஸ்ப்ளெண்டரில்தான் எட்டு போட்டேன். லண்டனுக்கு வந்தபின் தெரிந்துகொண்டது, இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதன்பிறகு அது செல்லாது. சிங்கப்பூர், ஜப்பான், தென்னாப்பிரிக்கா போன்ற சில நாடுகளின் லைசென்ஸைக் கொடுத்து இங்கத்திய லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கெல்லாம் முதலிலிருந்துதான் ஆரம்பம். தற்காலிக லைசென்ஸ் வாங்கி, சிபிடி என்கிற ஒருநாள் கட்டாயப் பயிற்சியை முடித்தால் 125 சிசி வரை, 11 கிலோவாட் திறன் வரை ஓட்டலாம். முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ தகடு மாட்ட வேண்டும். பின்னால் ஆளை ஏற்றக் கூடாது, மோட்டார்வே என்கிற அதிவேகச் சாலையில் ஏறக் கூடாது. அந்தச் சான்றிதழும் 2 ஆண்டுக்குத்தான். அதற்குள் தேர்வுகளை முடிக்கவில்லையென்றால் மறுபடி சிபிடி எடுக்க வேண்டும்.

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்காக நிற்கிற குளிர் தாங்காமல்தான் 125 சிசி ஸ்கூட்டர் வாங்கினேன். வண்டி வாங்கியது பெரிய விஷயமில்லை. இன்சூரன்ஸ் விலையைப் பார்த்தபோதுதான் திகைத்துப்போனேன். திருச்சியில் என் தம்பியின் ஆக்டிவாவுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீட்டுக்கு, ஓராண்டுக்கு 714 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அரசு அறிவிப்பில் 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளுக்கு வைத்த விலை அது. நான் இங்கே கட்டியது அதைப்போல நூறு மடங்குக்கும் அதிகம். சிபிடியில் ஓட்டுகிறவள், லண்டன் பின்கோடு, ராத்திரி தெருவில் நிறுத்தும் வண்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அந்தத் தொகை வந்தது. மற்றவர்கள் சொன்னதும் நான் நினைத்ததும் ஒன்றுதான்: முழு லைசென்ஸ் எடுத்துவிட்டால் குறைந்துவிடும்.

மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் வேலையில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். இந்த ஊரில் நெடுங்காலமாக பைக் ஓட்டுகிறவர். அவர் மட்டும்தான் வேறு மாதிரி சொன்னார். "பாஸ் பண்ணினவுடன காசு குறையும் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ தங்கச்சி. லைசென்சுக்கு வயசு ஏறோணும். என்ர மகனுக்கும் உப்பிடித்தான். பாஸ் பண்ணின வருசம் பெரிசா ஒண்டும் குறையேல்ல, அடுத்த வருசம்தான் குறைஞ்சது." அப்போது அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

கேள்வி எப்போது வருகிறது

ஊரில் வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்ட யாருக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்காது. அங்கே மூன்றாம் நபர் பிரீமியத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் அளவு. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் மதிப்பையும் வயதையும் பொறுத்தது. ஓட்டுகிறவர் நேற்று லைசென்ஸ் வாங்கினாரா, இருபது வருடமாக வைத்திருக்கிறாரா என்பதற்கு அந்த 714 ரூபாயில் இடமே இல்லை. லைசென்ஸ் பற்றிய கேள்வி நம்மூரில் பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான் வரும். நஷ்டஈட்டு வழக்கில், ‘ஓட்டியவருக்கு லைசென்ஸ் உண்டா’ என்று இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுப்புவார். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்.எல்.ஆர் என்கிற பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவரும் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர்தான், அந்தக் காரணத்தைக் காட்டி கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று சொன்னது. கற்றுக்கொள்பவருக்கும் கற்றுத் தேர்ந்தவருக்கும் ஒரே விலை, விபத்தில் அடிபட்டவருக்கு ஒரே பாதுகாப்பு. அந்த முறையில் குறைகள் உண்டு. நன்றாக ஓட்டுகிறவருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பது அதில் முக்கியமானது.

பிரிட்டனில் அதே கேள்வி விபத்துக்கு முன்பே, விலை போடும்போதே வருகிறது. 1930-இல் வந்த சட்டம்தான் இங்கே மூன்றாம் நபர் காப்பீட்டை முதலில் கட்டாயமாக்கியது. ஆனால் எவ்வளவு வாங்கலாம் என்று அரசு விலை வைப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பழைய கிளெய்ம்களைப் பார்த்துத் தானே விலை போடுகிறது. வயது, வேலை, பின்கோடு, வண்டி, அதை எங்கே நிறுத்துகிறோம், எத்தனை மைல் ஓட்டுகிறோம், வேலைக்குப் போகவா வெறும் சொந்த உபயோகமா, எல்லாமே விலைக்குள் போகும். ஆணா பெண்ணா என்பது மட்டும் போகக் கூடாது. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பினால் 2012 டிசம்பர் 21 முதல் அது தடை. எவ்வளவு விலை வருகிறதோ அதன்மேல் 12 சதவீதம் வரி. இப்படி ஆளைப் பார்த்து விலை போடும் ஊரில், ஆள் தேறிவிட்டாள் என்று அரசே சான்றிதழ் கொடுத்தால் விலை இறங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே.

அந்தச் சான்றிதழ் சும்மா கிடைப்பதில்லை. அதைச் சொல்லாவிட்டால் என் ஆதங்கம் புரியாது. முதலில் எழுத்துத் தேர்வு: 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும். கூடவே 14 வீடியோத் துண்டுகளில் ஆபத்து உருவாகும் கணத்தைக் கண்டுபிடித்து 75-க்கு 44 எடுக்க வேண்டும். பிறகு மாட்யூல் 1, மூடிய மைதானத்தில். கூம்புகளுக்கு நடுவே வளைந்து போக வேண்டும், எட்டும் போட வேண்டும். திருச்சி ஆர்.டி.ஓ-வில் போட்ட அதே எட்டு என்பதால் மனசு கொஞ்சம் லேசானது. அதற்குப் பின் வருவது நம்மூரில் இல்லாதது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் வந்து, தேர்வாளர் கையை உயர்த்தியதும் வண்டி சறுக்காமல் நிறுத்த வேண்டும். அதே வேகத்தில் வந்து குறுக்கே இருக்கும் தடையைச் சட்டென்று விலகிப் போக வேண்டும். நான் 24 வயதைத் தாண்டியவள் என்பதால் நேராகப் பெரிய வண்டியிலேயே, எந்த வண்டியையும் ஓட்டும் ‘ஏ’ வகை லைசென்ஸுக்குப் போக முடிந்தது. 19 வயதுக்காரர் என்றால் 35 கிலோவாட்டுக்கு மேல் போகாத ‘ஏ2’ வரைதான் போகலாம்.

‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்’ என்று சொல்லித்தான் ஊரில் எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தார்கள். அத்தனை வருடமும் பின் பிரேக்கை நம்பித்தான் ஓட்டினேன். இங்கே பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே அந்தப் பழக்கத்தை மாற்ற ஆரம்பித்தார். பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது, அதனால் வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை ஒரேயடியாகப் பிடிக்காமல் படிப்படியாக இறுக்க வேண்டும். ஈரத் தரையில் அதைச் செய்து செய்து கை பழகியது. திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை இங்கே ‘லைஃப்சேவர்’ என்பார்கள். கண்ணாடியில் தெரியாமல் பக்கத்தில் வருகிற காரை அப்படித்தான் பார்க்க முடியும். மாட்யூல் 2 முழுக்கச் சாலையில். தேர்வாளர் பின்னால் இன்னொரு வண்டியில் வந்தபடி காதில் மாட்டிய ரேடியோவில் வழி சொல்வார். சிறு தவறுகள் 10-க்கு மேல் போகக் கூடாது, பெரிய தவறு ஒன்றுகூட வரக் கூடாது.

தேர்வெழுதுவதற்கு முன்பு இருந்த நானும் தேறிய பிறகு இருந்த நானும் ஒரே ஓட்டுநர் இல்லை. இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்வேன்.

அந்த போன்

மாட்யூல் 2 தேறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்தேன். லைசென்ஸ் நிலை மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் விதி, மறைக்கவும் கூடாது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்வது 2012 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி வாங்குகிறவரின் பொறுப்பு. கவனக்குறைவாகத் தவறிச் சொன்னால், கட்டிய பிரீமியத்தின் விகிதத்துக்குத்தான் கிளெய்மில் பணம் வரும். வேண்டுமென்றே என்றால் பாலிசியே ரத்தாகலாம். ஆனால் அன்று எனக்கு அந்தச் சட்டமெல்லாம் நினைவில் இல்லை. நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில்தான் போன் செய்தேன்.

எதிர்முனையில் பேசிய பெண் மிகவும் மரியாதையாக வாழ்த்துச் சொன்னார், விவரங்களை மாற்றினார், ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னார். ஓராண்டுக் கணக்கில் 48 பவுண்டு குறைகிறது, ஆனால் பாலிசியில் மீதமிருக்கும் மாதங்களுக்குப் பிரித்தால் அது சிறிய தொகைதான், பாலிசியை இடையில் மாற்றுவதற்கான கட்டணம் 35 பவுண்டு என்றார். கழித்துப் பார்த்தால் தேறியதற்காக நான்தான் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். லைசென்ஸ் வகை தற்காலிகத்திலிருந்து முழுமைக்கு மாறியதால் ஒரு பக்கம் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் எத்தனை காலமாக வைத்திருக்கிறீர்கள் என்ற கட்டத்தில் முன்பு இரண்டு ஆண்டு இருந்தது, இப்போது பூஜ்ஜியம். ஏனென்றால் இது புது லைசென்ஸ். அப்படியானால் சிபிடியில் ஓட்டிய காலம் என்ன ஆயிற்று என்றேன். அது நோ கிளெய்ம் போனஸில், அதாவது கிளெய்ம் இல்லாமல் கழித்த ஆண்டுகளுக்கான தள்ளுபடியில், ஓராண்டாக ஏற்கெனவே இருக்கிறது என்றார். அதற்கு முன் இந்தியாவில் ஓட்டிய வருடங்கள்? அதைப் போட எங்கள் சிஸ்டத்தில் இடமில்லை, மன்னிக்கவும் என்றார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் முன்னால் இருந்த திரையில் இருந்ததைத்தான் அவர் படித்துச் சொன்னார்.

போனை வைத்த பிறகுதான் யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னது விளங்கியது. தேர்வு முடிவை அவர்கள் என் திறமைக்கு அடையாளமாகப் பார்த்ததாகவே தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது, ஒரு ஆள் முழு லைசென்ஸோடு சாலையில் இருந்து கிளெய்ம் இல்லாமல் கழித்த காலம். அந்தக் காலம் எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது.

திருச்சியில் ஓட்டிய காலத்துக்கு என்னால் சான்று காட்டவும் முடியாது. இந்தியாவில் நோ கிளெய்ம் போனஸ் சொந்தச் சேதப் பகுதிக்குத்தான் உண்டு. முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். என்னைப்போல வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டு ஓட்டியவர்களுக்கு அந்தப் பதிவே கிடையாது. விபத்தில்லாமல் ஓட்டியதற்கு என் குடும்பத்தையும் காவிரிப் பாலத்தையும் தவிர சாட்சி இல்லை.

கம்பெனியின் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். முழு லைசென்ஸ் வந்ததும் ஒருவர் செய்யக்கூடிய காரியங்கள் பெருகுகின்றன. மோட்டார்வேயில் ஏறலாம், பின்னால் ஆளை ஏற்றலாம், 125-லிருந்து ஒரே தாவலாக 650 சிசிக்குப் போகலாம். பிரிட்டனின் மொத்த வாகன ஓட்டத்தில் மோட்டார் சைக்கிளின் பங்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான். சாலையில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனவர். மூன்றாம் நபருக்கு உடல் காயம் ஏற்பட்டால் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டிய தொகைக்கு இங்கே உச்சவரம்பே இல்லை. வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படும் அளவுக்கு அடிபட்டவர்களை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவைத் தாங்குகிற கம்பெனி புதிதாகத் தேறியவரிடம் எச்சரிக்கையாக இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு இடத்தில். நான் வண்டியை மாற்றவில்லை. அதே ஸ்கூட்டர், அதே தெரு, வேலைக்குப் போய்வரும் அதே ஆறு மைல். பின்னால் ஆளை ஏற்றுவீர்களா என்று தனியாகக் கேட்டார்கள், இல்லை என்று சொன்னேன். பெரிய வண்டிக்கு மாறினால் அதற்கு வேறு விலை போடத்தான் போகிறார்கள். ஆசைக்கு ஒரு 650 சிசி வண்டிக்கு விலை கேட்டபோது என் ஸ்கூட்டருக்குக் கட்டுவதைப்போல இரண்டு மடங்கு வந்தது. அது புரிகிறது. ஆனால் அதே வண்டியை அதே வழியில் ஓட்டும் இரண்டு பேரில், ஒருவர் அவசர பிரேக் பிடித்துக் காட்டித் தேறியவர், மற்றவர் ஒருநாள் பயிற்சியோடு ‘எல்’ தகடு மாட்டியவர் என்றால், இருவருக்கும் நடுவிலான வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் டெலிவரிக்கும் வேலைக்கும் 125-இல் போகிறவர்கள் ஏன் தேர்வுக்குப் போவார்கள்? எழுத்துத் தேர்வுக்கு 23 பவுண்டு, மாட்யூல் 1-க்கு 15.50, மாட்யூல் 2-க்கு 75, பயிற்சிக்கு அதற்கு மேல் பல நூறு. 2 ஆண்டுக்கு ஒருமுறை சிபிடியையே புதுப்பித்துக்கொண்டு போவதுதான் அவர்களுக்கு மலிவு. அப்படிப் பல வருடமாகப் போகிறவர்களை எனக்கே தெரியும். பிரேக் பிடிக்கக் கற்றுத்தரும் அந்தப் பயிற்சி அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு இது வெறும் பண விஷயம் இல்லை.

அடுத்த ஆண்டு

புதுப்பிக்கும் கடிதம் வந்தபோது அந்தக் கம்பெனியின் விலை ஓரளவு இறங்கியிருந்தது. 2022 ஜனவரி 1 முதல், புது வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையைவிடப் பழைய வாடிக்கையாளருக்கு அதிகம் சொல்லக் கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. அதனால் அதே கம்பெனியில் புது ஆளாகப் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. வேறு கம்பெனிகளில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பார்த்தேன். சிபிடிக்காரர்களுக்கு விலையே சொல்லாத கம்பெனிகள் சில இருந்தன, இப்போது அவையும் பட்டியலில் வந்தன. தேறியதன் முதல் உருப்படியான பயன் எனக்கு அதுதான்: என்னை ஏற்றுக்கொள்கிறவர்கள் அதிகமானார்கள், அதனால் விலையும் இறங்கியது. முழு லைசென்ஸுக்கு வயது ஒன்றாகப் போகிறது, நோ கிளெய்ம் இரண்டாண்டு, வண்டியைத் தரையில் பதித்த கொக்கியோடு சங்கிலி போட்டுப் பூட்டும் இடத்துக்கு மாற்றியிருந்தேன். எல்லாம் சேர்ந்து நான் கட்டியது முந்தைய ஆண்டைவிடக் கால்பங்குக்கு மேல் குறைவு. தேறிய அன்று இறங்காதது அடுத்த ஆண்டு இறங்கியது, அண்ணா சொன்னது மாதிரியே.

ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை. படிவத்தில் இன்னொரு கட்டம் வைப்பது பெரிய காரியமில்லை: சிபிடியில் எத்தனை வருடம் ஓட்டினீர்கள், வேறு நாட்டில் எந்த ஆண்டு லைசென்ஸ் வாங்கினீர்கள். இந்திய லைசென்ஸில் வாங்கிய தேதி இருக்கிறது, அரசின் பரிவாகன் தளத்தில் அதைச் சரிபார்க்கவும் முடியும். முழு மதிப்புக் கொடுக்க வேண்டாம், கால்பங்காவது கொடுக்கலாம். இடது பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து, நெரிசலில் ஓட்டிப் பழகி வந்தவர்களும் நேற்றுத்தான் வண்டியில் ஏறியவர்களும் ஒன்று என்று எந்தக் கணக்கு சொல்லும்? தேறிய பிறகும் பயிற்சி எடுப்பவர்களுக்காக அரசே நடத்தும் திட்டம் ஒன்று உண்டு, அந்தச் சான்றிதழுக்குச் சில கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன. திறமைக்கு விலையில் இடம் கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் ஜூனியர் நர்ஸ் ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, டெஸ்ட் பாஸ் பண்ணுனா இன்சூரன்ஸ் குறையுமுங்களா?" இந்த வருடம் பெரிதாகக் குறையாது என்றேன், ஆனால் கட்டாயம் போ என்றேன். முன் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். தேறினால் என்ன விலை வரும் என்று இப்போதே நாலைந்து இடத்தில் பார்த்து வைக்கவும், பாலிசி நடுவில் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று அதன் விதிகளில் தேடிப் படிக்கவும் சொன்னேன். அவளுடைய மாட்யூல் 1 அடுத்த மாதம், பாலிசி முடிவது அதற்குச் சில வாரம் கழித்து. மாட்யூல் 2-ஐ அந்த இடைவெளிக்குள், பாலிசி முடியும் தேதியை ஒட்டிப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். புது லைசென்ஸோடு புது பாலிசி எடுத்தால் அந்த 35 பவுண்டாவது மிச்சம்.